பலகாரம் சுட நாள் வேண்டும்

நுவரெலியாவுக்கு ஏப்ரல் வசந்தகாலம் என்றால், நோர்வூட்டுக்கு வசந்தகாலம் தீபாவளிக்கு முந்திய வாரமே. ஹட்டனிலிருந்து டிக்கோயாவைக் கடந்து வரும் வீதி மஸ்கெலியாவுக்கும் பொகவந்தலாவைக்குமாகப் பிரியும் இச்சிறு நகரை, ஏனைய நாட்களில் பஸ் மாறிச் செல்வோரே அதிகம் அறிவர். அந்த ஒரு வாரத்தில் மட்டும் சுற்றியுள்ள தோட்டங்கள் யாவும் கடைத்தெருவுக்கு இறங்கிவிடுகின்றன. துணிக்கடைகள் வீதியோரம் வரை நீளும். பட்டாசும் வளையலும் பிளாஸ்டிக் வாளியும் ஒரே படங்கின் கீழ் விலைபோகும். பேக்கரியின் கண்ணாடி அலுமாரியில் கேக்கும் லட்டும் அடுக்கப்பட்டிருக்கும். மழையில் நனைந்தபடியே மக்கள் பேரம் பேசும் அக்காட்சிக்கு ஓர் அழகு உண்டென்பதை மறுப்பதற்கில்லை. ஆயினும், அந்தக் கண்ணாடி அலுமாரியின் முன் ஆண்டுக்காண்டு பெருகிவரும் கூட்டம் என்னைச் சிந்திக்க வைக்கிறது.

பலகாரத்தைச் 'சுடுவது' என்றே நாம் சொல்கிறோம். எண்ணெயில் பொரித்தாலும், கல்லில் போட்டாலும், போறணையில் வேகவைத்தாலும் நம் மொழிக்கு அது சுடுவதுதான். முறுக்கும் அதிரசமும் கெட்டி உருண்டையும் லயத்து அடுப்பில் தலைமுறை தலைமுறையாகச் சுடப்பட்டவை. துரைமார் பங்களாக்களின் பண்டமான கேக்கும் காலப்போக்கில் அவற்றோடு சேர்ந்துகொண்டது. போறணை இல்லாத குறையைப் பொருட்படுத்தாது, சட்டியின் மேலும் கீழும் தணலிட்டு அதனைச் சுட்டெடுத்த வீடுகளும் உண்டு.

இவையெல்லாம் ஒரு மாலைப்பொழுதில் முடிகின்ற வேலைகள் அல்ல. அரிசியை ஊறவைத்து இடிக்க வேண்டும். மாவை அரித்து வறுக்க வேண்டும். பாகு காய்ச்ச வேண்டும். அதிரச மா ஓர் இரவாவது புளிக்க வேண்டும். ஒக்டோபர், நவம்பர் மாதங்களோ பருவப்பெயர்ச்சிகளுக்கு இடைப்பட்ட மழைக்காலம். பிற்பகலில் இடியோடு மழை கொட்டும், விறகு நனைந்திருக்கும், மா உலராது. காலையில் பெரட்டுக்குச் சென்று, மாலையில் கொழுந்து நிறுத்துவிட்டு வீடு திரும்பும் பெண்ணே இத்தனையையும் செய்தாக வேண்டும்.

இன்றைய பெண்களுக்குப் பலகாரம் சுடத் தெரியாது, எல்லோரும் கடைப் பொதியையே நாடுகிறார்கள் என்று குறைகூறுவோர் பலர். இக்கூற்றை என்னால் ஏற்க முடியவில்லை. மாறியிருப்பது பெண்களின் கைப்பக்குவம் அன்று. பணம் கைக்கு வரும் நாளுக்கும் பண்டிகைக்கும் இடையிலான கணக்கே இங்கு இடிக்கிறது.

தோட்டங்களில் ஒரு மாதச் சம்பளம் அடுத்த மாதம் 10ஆம் திகதிக்குள் வழங்கப்படுவது வழமை. தீபாவளியோ ஒவ்வோர் ஆண்டும் நகர்கின்ற பண்டிகை. 2023இல் அது நவம்பர் 12, அதாவது சம்பளத் திகதிக்கு இரண்டு நாட்களின் பின். 2024இல் ஒக்டோபர் 31. சம்பளம் கிடைத்து மூன்று வாரங்களாகியிருந்தன. 2025இல் ஒக்டோபர் 20. 2026இன் தீபாவளி நவம்பர் 8. சம்பளத் திகதிக்கு இரண்டு நாட்கள் முன்னதாகவே வந்துவிடுகிறது. இந்த இடைவெளியை நிரப்புவதற்கென உள்ளதே தீபாவளி முற்பணம்.

முற்பணம் என்பது நன்கொடை அன்று. தொழிலாளி பின்னர் மாதாமாதம் தன் சம்பளத்திலிருந்து கழித்துக் கட்டுகின்ற கடன் அது. அந்தக் கடன் பண்டிகைக்கு ஓரிரு நாட்களே இருக்கையில் கைக்கு வருமாயின், மா இடிக்க நேரமேது? அதே பணத்துக்கு வீட்டில் சுடக்கூடியதில் ஒரு பங்கையே பொதியாக வாங்கிக்கொண்டு வீடு திரும்ப வேண்டியதுதான். சுட்டுப் பெருக்கியிருக்கக்கூடிய பணம் அலுமாரியின் முன் கரைந்துபோகிறது. கடனோ குறையாமல் நிற்கிறது.

நாளாந்தச் சம்பளம் 2021இல் 1,000 ரூபாவாக்கப்படுவதற்கும், அடிப்படைச் சம்பளம் 2024இல் 1,350 ரூபாவாக உயர்வதற்கும் எத்தனை ஆண்டுப் போராட்டம் தேவைப்பட்டது என்பதை நாடறியும். உணவுப் பணவீக்கம் 2022 செப்டெம்பரில் கொழும்பில் 94.9 சதவீதத்தைத் தொட்ட பின், மாவும் சீனியும் எண்ணெயும் பழைய விலைக்குத் திரும்பவேயில்லை. இத்தகைய வருமானத்தில் வாழும் குடும்பத்துக்கு, பணம் எவ்வளவு என்பதைப் போலவே எப்போது என்பதும் முக்கியமானது. ஆண்டுதோறும் தொழிற்சங்கங்கள் முற்பணத்தின் தொகையைப் பற்றிப் பேசும் அளவுக்கு அதன் திகதியைப் பற்றிப் பேசுவதில்லை.

முன்கூட்டியே கொடுத்தால் பணம் சாராயக் கடைக்குப் போய்விடும் என்பது நிர்வாகங்களின் தரப்பில் நான் கேட்டுப் பழகிய பதில். பிந்திக் கொடுப்பதால் அக்கடைகள் எவையும் மூடப்பட்டதாகத் தெரியவில்லை. தோட்டத் தொழிலாளரில் பெரும்பகுதியினர் பெண்கள். அவர்களின் கணக்கில் சேரவேண்டிய பணத்தை இந்தக் காரணத்துக்காகத் தாமதிப்பது நியாயமாகாது.

என் யோசனை எளிது. தீபாவளிக்குக் குறைந்தது 14 நாட்கள் முன்னதாக முற்பணம் வழங்கப்பட வேண்டும். அத்திகதி ஆண்டின் தொடக்கத்திலேயே அறிவிக்கப்பட வேண்டும். பண்டிகைக்கு முந்திய நாளின் வேலையை வேறொரு நாளில் ஈடுசெய்ய அனுமதித்து, அந்த நாளைப் பெண்களுக்கு விட்டுக்கொடுக்கலாம். இதற்குப் புதிய சட்டமும் தேவையில்லை, மேலதிகச் செலவும் பெரிதாக இல்லை.

பலகாரத்துக்காக இவ்வளவு வாதமா என்று சிலர் கேட்கக்கூடும். ஆண்டு முழுவதும் முற்பணம், நிவாரணம், கொடுப்பனவு என்று பெற்றுக்கொள்வோராகவே எண்ணப்படுகின்ற ஒரு சமூகம், கொடுப்போராக நிமிர்ந்து நிற்கும் நாள் தீபாவளி. அன்று லயத்தின் ஒரு கோடியிலிருந்து மறுகோடி வரை தட்டுகள் கைமாறும். ஏப்ரலில் கொக்கிஸ் கொடுத்தனுப்பிய சிங்கள வீட்டுக்கும், கடன் கொடுத்த முஸ்லிம் முதலாளியின் கடைக்கும் பலகாரம் போகும். அந்தத் தட்டில் இருப்பது தன் வீட்டு அடுப்பில் சுட்டதாக இருக்க வேண்டும் என்று ஒரு தாய் விரும்பினால், அதற்கான நாட்களை அவளுக்கு மறுக்க எவருக்கும் உரிமையில்லை.