ரோட்டோரத்தில் ‘செட்டல்’ வேண்டாம். முதலில் ஆஸ்பத்திரிக்குப் போங்கள்



நம்மில் அநேகம் பேருக்கு மோட்டார் சைக்கிள்தான் வாகனம். விடியற்காலையில் பெரட்டுக்குப் போவதும் அதில்தான், பிள்ளையைப் பள்ளிக்கூடத்தில் விடுவதும் அதில்தான். தோட்டத்து மண் ரோடு முடிந்து தார் ரோட்டில் ஏறிவிட்டால் செம்பனைக் குலை லாரி, கல் லாரி, எண்ணெய் டேங்கர் எல்லாவற்றோடும் சேர்ந்து ஓட வேண்டியிருக்கிறது. 2025 மே 13ஆம் தேதி தெலுக் இந்தானில், சித்ரா பௌர்ணமித் திருவிழாக் காவலை முடித்துத் திரும்பிய கலகத் தடுப்புப் போலீசாரின் லாரியும் கல் லாரியும் மோதி ஒன்பது போலீஸ்காரர்கள் மாண்டு போனதை மறந்திருக்க மாட்டீர்கள். போலீஸ் லாரிக்கே அந்தக் கதி என்றால், இரண்டு சக்கரத்தில் போகிற நாம் எம்மாத்திரம்?

லாரிக்காரர்கள் அதிக பாரம் ஏற்றக்கூடாது, பிரேக்கைச் சரியாக வைத்திருக்க வேண்டும் என்பதெல்லாம் நியாயம். அதற்காகச் சங்கம் குரல் கொடுக்கத்தான் வேண்டும். ஆனால் மோதிய பிறகு நாமே செய்துகொள்ளும் கெடுதலைப் பற்றி இங்கே பேசியாக வேண்டும்.

மோதினவுடன் என்ன செய்வது? முதலில், பின்னால் வரும் வண்டி இன்னொரு முறை மோதாமல் பார்த்துக்கொள்ளுங்கள். நடக்க முடிந்தவர்கள் ரோட்டை விட்டு இறங்கி, தடுப்புக் கம்பிக்கு அப்பால் நில்லுங்கள். டீசல் ஒழுகினாலோ டேங்கரிலிருந்து வாடை வந்தாலோ சிகரெட் பற்ற வைக்காதீர்கள், கிட்டேயும் போகாதீர்கள். பிறகு 999க்குப் போன் செய்யுங்கள். நெடுஞ்சாலை என்றால் கிலோமீட்டர் பலகையில் உள்ள எண்ணையும், எந்த ஊரை நோக்கிப் போகும் பக்கம் என்பதையும் சொல்லுங்கள். ஆம்புலன்ஸ் சுற்றாமல் வந்து சேரும்.

அடிபட்டுக் கிடப்பவரைக் கையைப் பிடித்து இழுத்துத் தூக்காதீர்கள். கழுத்தெலும்போ முதுகெலும்போ உடைந்திருந்தால், அந்த ஓர் இழுப்பிலேயே கை கால் விளங்காமல் போய்விடலாம். நெருப்புப் பிடிக்கும் ஆபத்து இருந்தால் மட்டும் அப்புறப்படுத்துங்கள். தலைக்கவசத்தையும் சும்மா கழற்றக் கூடாது. மூச்சு விட முடியாமல் திணறினால் மட்டும், ஒருவர் தலையையும் கழுத்தையும் அசையாமல் பிடித்துக்கொள்ள, இன்னொருவர் மெதுவாகக் கழற்றலாம். ரத்தம் பீறிட்டால் சுத்தமான துணியை வைத்து அழுத்திப் பிடியுங்கள். எடுத்து எடுத்துப் பார்க்காதீர்கள். கம்பியோ கண்ணாடியோ குத்தியிருந்தால் பிடுங்காமல் விட்டுவிடுங்கள். “பாவம், தாகமா இருக்கும்” என்று தண்ணியோ காப்பியோ கொடுக்க வேண்டாம். மயக்கத்தில் புரையேறும். ஆப்பரேஷன் தேவைப்பட்டால் வயிறு காலியாக இருப்பதே நல்லது.

அடுத்தது, நம் ஆட்கள் வழக்கமாகச் சொல்லும் வார்த்தை: “ஒன்னுமில்லைண்ணே, சும்மா சிராய்ப்புதான்.” எழுந்து தூசியைத் தட்டிவிட்டு வீட்டுக்குப் போய், எண்ணெய் போட்டு உருவிவிடச் சொல்கிறோம். இது பெரிய தப்பு. ஹேண்டல் வயிற்றில் குத்தினால் மேலே காயமே தெரியாமல் உள்ளே மண்ணீரலோ ஈரலோ கிழிந்திருக்கலாம். ரத்தம் உள்ளுக்குள்ளேயே கசிந்து, சில மணி நேரம் கழித்தோ சில நாள் கழித்தோ ஆளைச் சாய்த்துவிடும். மண்டைக்குள் கசியும் ரத்தமும் அப்படித்தான். உடைந்த எலும்பை உருவினால் நரம்பும் ரத்தக் குழாயும் சேர்ந்து கெடும்.

வீட்டிலுள்ள தாய்மார்கள் இதைக் கவனித்துக்கொள்ளுங்கள். அடிபட்டவர் திரும்பத் திரும்ப வாந்தி எடுத்தாலும், தலைவலி ஏறிக்கொண்டே போனாலும், பேச்சுக் குழறினாலும், எழுப்பினால் எழாமல் தூங்கினாலும், வலிப்பு வந்தாலும், ஒரு கண்பாவை மட்டும் பெரிதாகத் தெரிந்தாலும், வயிறு கல்லாக இறுகினாலும், சிறுநீரில் ரத்தம் போனாலும் விடியட்டும் என்று காத்திருக்காதீர்கள். நடு ராத்திரியானாலும் அவசரப் பிரிவுக்குக் கொண்டுபோங்கள். ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிடும் பெரியவர்களுக்கு ஆபத்து இன்னும் அதிகம். டாக்டரிடம் அதை மறக்காமல் சொல்லுங்கள்.

இனி ‘செட்டல்’ விஷயம். லாரிக் கம்பெனி ஆள் வந்து, “தம்பி, போலீசு கீலீசு வேண்டாம், இந்தா இருநூறு வெள்ளி” என்பார். நம்மவரும், “லைசென்ஸ் இல்லை, ரோட்டேக்ஸ் செத்துப்போச்சு, கேஸுன்னு அலைஞ்சா பேர் போயிடும்” என்று பயந்து வாங்கிக்கொள்வார். பயத்தில் நியாயம் இல்லாமலில்லை, சம்மன் வரத்தான் செய்யும். ஆனால் சம்மனைக் கட்டித் தீர்த்துவிடலாம். இழந்த காலை எதைக் கட்டி வாங்குவது? டாக்டர் லைசென்ஸைப் பார்த்து வைத்தியம் செய்வதில்லை. இருநூறு வெள்ளியை வாங்கிக்கொண்டு காகிதத்தில் கையெழுத்துப் போட்டால், நாளைக்கு நஷ்டஈடு கேட்கும்போது அந்தக் காகிதமே குறுக்கே நிற்கும். ஆஸ்பத்திரி வாசலில் வெள்ளைத்தாளை நீட்டும் தரகருக்கும் கையெழுத்துப் போடாதீர்கள். 

1987ஆம் ஆண்டுச் சாலைப் போக்குவரத்துச் சட்டப்படி, விபத்து நடந்த 24 மணி நேரத்துக்குள் போலீஸில் புகார் செய்ய வேண்டும். லாரியின் நம்பரையும், கதவில் எழுதியிருக்கும் கம்பெனிப் பெயரையும் குறித்துக்கொள்ளுங்கள். கைப்பேசியில் படம் எடுங்கள். பார்த்தவர்களின் பெயரையும் போன் நம்பரையும் கேட்டு வையுங்கள். நஷ்டஈட்டு வழக்குக்குக் காலவரம்பு உண்டு. தீபகற்ப மலேசியாவில் காயம்பட்டவருக்கு ஆறு ஆண்டு. இறந்தவரின் குடும்பத்துக்கு மூன்று ஆண்டுதான்.

வேலைக்குப் போகும்போதோ வேலை முடிந்து வீடு திரும்பும்போதோ நேர்ந்த விபத்து சொக்சோவில் வேலை விபத்தாகச் சேரும். வழியில் சொந்த வேலையாக வேறு பக்கம் திரும்பியிருந்தால் சிக்கல் வரும். முதலாளி 48 மணி நேரத்துக்குள் சொக்சோவுக்குத் தெரிவிக்க வேண்டும். டாக்டர் குறைந்தது நான்கு நாள் மருத்துவ விடுப்பு கொடுத்தால், சராசரி நாட்கூலியில் 80 விழுக்காடு கிடைக்கும். 2019 முதல் வெளிநாட்டுத் தொழிலாளத் தோழர்களுக்கும் வேலை விபத்துப் பாதுகாப்பு உண்டு. அவர்களுக்கும் எடுத்துச் சொல்லுங்கள். ஆனால் எதற்கும் ஆஸ்பத்திரிச் சீட்டு வேண்டும். அன்றைக்கே போகாமல் பத்து நாள் கழித்து வலிக்கிறது என்றால், அந்த வலி லாரியால்தான் வந்தது என்று எப்படிக் காட்டுவது?

ஆபீஸ் கிராணி “அப்புறம் பார்க்கலாம்” என்றால் அன்றே கிளைச் செயலாளரிடம் சொல்லுங்கள். அடுத்த கிளைக் கூட்டத்தில் இந்தப் பகுதியை உரக்கப் படித்துக் காட்டுங்கள். 999 என்ற எண்ணை லயத்துப் பிள்ளைகளுக்கும் சொல்லிக்கொடுங்கள்.