ஆணையின் மறுபாதி

1606-ஆம் ஆண்டு மதுரைக்கு வந்த இராபர்ட் தெ நொபிலி அடிகளாரை நாம் மேடைதோறும் போற்றுகிறோம். இத்தாலிய உயர்குடியில் பிறந்த அவர் காவி உடுத்தார், புலால் துறந்தார், தமிழும் வடமொழியும் கற்றுத் தத்துவ போதகர் ஆனார். ‘பரங்கி மார்க்கம்’ என்று மக்கள் ஒதுக்கிய மறை, அவர் நாவில் இம்மண்ணின் மொழி பேசியது. பூணூல், குடுமி, சந்தனம் பற்றி எழுந்த வழக்கில், 1623-இல் திருத்தந்தை 15-ஆம் கிரகோரி அவற்றை அனுமதித்தார். இவ்வளவும் நாம் அறிவோம்.

அதே ஆணையின் மறுபாதியை ஏன் மறந்தோம்? குலப்பெருமை கொண்டோர் எளியோரை இகழலாகாது, இறையில்லத்தில் அவர்களிடமிருந்து விலகி நிற்கலாகாது என்றும் அத்திருத்தந்தை மன்றாடினாரே!

அடிகளாரும் தாழ்த்தப்பட்டோரிடமிருந்து விலகியே வாழ்ந்தார். இதனை நாம் மறைக்க வேண்டியதில்லை. ‘அக்காலத்தில் வேறு வழியில்லை’ என்பர் சிலர். அந்நியராய் வந்தவர் ஊர் வழக்கிற்கு இணங்கினார் என்றே கொள்வோம். இம்மண்ணிலேயே பிறந்த நமக்கு என்ன சாக்கு? சில ஊர்களில் கல்லறைத் தோட்டத்திலும் சாதிக்கொரு பகுதி என்று காத்து வருகிறோமே, அதுவா பண்பாடு?

உடை, மொழி, உணவு ஆகியன பண்பாடு. நற்செய்தி அவற்றை உவந்து அணியலாம். சாதியோ பாவம்; அதனை அணிந்த நற்செய்தி நற்செய்தியாய் இராது.

அன்பர்களே, அடிகளாருக்கு விழா எடுக்குமுன் நம் கல்லறைகளின் நடுவே நிற்கும் சுவரை இடிப்போம். இறந்தோரையே ஒன்றாய் உறங்கவிடாத நாம், உயிர்த்தெழுதலை எந்த வாயால் அறிக்கையிடுவது?