இரண்டாம் பிரிவா? இளக்காரம் வேண்டாம்!

"இரண்டாம் பிரிவில்தானே ஜெயித்தார்கள்!" என்று சிலர் உதட்டைப் பிதுக்குவது உண்டு. அது தவறு.

2017-ம் ஆண்டு பெங்களூரில் ஆசிய கூடைப்பந்து போட்டி நடந்தது. 16 வயதுக்கு உட்பட்ட பெண்களுக்கான போட்டி அது. இரண்டாம் பிரிவில் ஆடிய இந்தியப் பெண்கள் முதல் இடம் பிடித்தார்கள்.

பலன் என்ன? முதல் பிரிவுக்கு உயர்ந்தார்கள்!

இரண்டாம் பிரிவு என்பது ஏணிப்படி. அதை மிதிக்காமல் மேலே போக முடியாது. கூடையின் உயரமும் இரண்டு பிரிவுக்கும் ஒன்றுதான். 10 அடி!

அந்தப் படியில் நெல்லைச் சீமைப் பெண்களும் ஏற வேண்டாமா?

பாளையங்கோட்டையில் பள்ளிக்கூடங்களுக்குப் பஞ்சம் இல்லை. ஆனால், பெண் பெரியவள் ஆனதும் பல வீடுகளில் விளையாட்டை நிறுத்தி விடுகிறார்கள். "பத்தாம் வகுப்பு வந்து விட்டது. இனி பந்து எதற்கு?" என்கிறார்கள்.

16 வயதுக்கு உட்பட்ட அணிக்கு ஆள் எடுப்பது அந்த வயதில்தானே!

மாலையில் ஒரு மணி நேரம் ஆடினால் படிப்பு கெட்டு விடாது. பள்ளிக்கூடங்கள் மைதானத்தைத் திறந்து வைக்க வேண்டும். இருட்டி விட்டால், அழைத்து வர அப்பாவோ அண்ணனோ போகலாம்.

பெற்றோர்களே! மகளின் கையில் இருக்கும் பந்தைப் பறிக்காதீர்கள். ஏணி தயாராக இருக்கிறது. அவள் ஏறட்டும்!