மணி அடித்தால் யார் வருவார்கள்?

சென்ற தை மாதம் எங்கள் அடுத்த தெருவில் ஒரு வீட்டில் திருட்டுப் போனது. வீட்டுக்காரர்கள் மகள் வீட்டுக்குப் போயிருந்தார்கள். வாசலில் இரண்டு கேமரா, உள்ளே அலாரம், எல்லாம் இருந்த வீடுதான். இரவு இரண்டு மணி வாக்கில் அந்த அலாரம் அடித்தது. நானும் கேட்டேன். "மறுபடியும் பூனை" என்று சொல்லிவிட்டுத் திரும்பிப் படுத்துக்கொண்டேன். அக்கம்பக்கத்தில் எல்லோரும் அப்படித்தான் படுத்திருந்தார்கள் என்று மறுநாள் தெரிந்தது. அதற்கு முந்தைய இரண்டு மாதத்தில் அது பத்துத் தடவையாவது காரணமில்லாமல் அடித்திருக்கும்.

காலையில் போய்ப் பார்த்தால், பின்கதவு நிலையோடு பெயர்ந்து கிடக்கிறது. வந்தவன் பதிவுப் பெட்டியையும் (டிவிஆர் என்கிறார்களே, அதை) தூக்கிக்கொண்டு போய்விட்டான். டிவி பக்கத்திலேயே கண்ணில் படும்படி வைத்திருந்தார்கள். கேமரா பார்த்ததெல்லாம் திருடனோடு போயிற்று.

செய்தி கேட்டதும் பிரான்சிலிருந்து மகன் கூப்பிட்டான். "அப்பா, நம்ம வீட்டுக்கும் போட்டுடுங்க. எட்டு கேமரா. ஹால்லயும் ஒண்ணு. செலவ நான் பார்த்துக்கறேன்." பிள்ளைகள் வெளிநாட்டில், கிழவனும் கிழவியும் இங்கே என்று புதுச்சேரியில் எத்தனையோ வீடுகள் இருக்கின்றன. உங்கள் வீட்டிலும் இந்தப் பேச்சு நடந்திருக்கும். அதனால்தான் இதை எழுதுகிறேன்.

நான் கேமராவுக்கு எதிரி இல்லை. இதைத் தெரிந்தவரை வைத்துத்தான் போட வேண்டும் என்பதிலும் எனக்குச் சந்தேகம் இல்லை. கடையில் பெட்டியாக வாங்கி ஏணி வைத்து மாட்டுகிற வயதா நமக்கு? ஆனால் யாரை வைத்துப் போடுவது, எதைப் போடுவது என்பதில்தான் நாம் ஏமாந்துபோகிறோம். நாம் விலை கொடுத்து வாங்குவது கருவியை அல்ல, மணி அடித்தால் யார் வருவார்கள் என்ற கேள்விக்குப் பதிலை. அந்தப் பதில் இல்லாமல் எட்டு கேமரா போட்டாலும் வீண்தான் என்பது என் கட்சி.

அரசு அலுவலகத்தில் குமாஸ்தாவாக இருந்தவன் ஆதலால் வழக்கம்போல் மூன்று பேரிடம் விலைப்பட்டியல் கேட்டேன். பிரெஞ்சுப் பள்ளியில் படித்த எங்களுக்கு அதன் பெயர் 'தெவி'. தெவி என்றால் விலை மட்டும் அல்ல. என்ன வேலை, என்ன பொருள், எத்தனை நாள், யார் பொறுப்பு என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுத் தருவது.

முதலாமவர் வீட்டை வந்து பார்க்கவே இல்லை. வாட்சப்பில் விலை அனுப்பினார், எட்டு கேமராவுக்கும் சேர்த்து. மூவரில் அதுதான் குறைவு. அலுவலகமாக இருந்திருந்தால் வேலை அவருக்குத்தான் போயிருக்கும். மூன்றாம் மாதம் ரிப்பேர் ஆகும்போது கோப்பைத் திறந்து பார்த்தால் எல்லாம் விதிப்படி சரியாக இருக்கும்.

இரண்டாமவர் பெரிய கம்பெனியின் ஆள். மாதக் கட்டணம் உண்டு. "ராத்திரி ரெண்டு மணிக்கு அலாரம் அடிச்சா என்ன நடக்கும்?" என்று கேட்டேன்.

"எங்க கண்ட்ரோல் ரூம்லேர்ந்து உங்களுக்குப் போன் வரும் சார்."

"நான் எடுக்கலைன்னா?"

"நீங்க குடுத்த ரெண்டாவது நம்பருக்குப் பண்ணுவோம்."

"அது பிரான்ஸ்ல இருக்கு தம்பி."

அவர் சிரித்துவிட்டு, போலீசுக்கும் தகவல் சொல்வோம் என்றார். கண்ட்ரோல் ரூம் எங்கே என்றால் வேறு மாநிலத்து ஊரைச் சொன்னார். இதைக் குறையாகச் சொல்லவில்லை. இரவெல்லாம் ஒருவர் விழித்திருக்கிறார் என்பது நல்லதுதான். ஆனால் அவர் கையில் நாம் கொடுக்கும் எண், நடந்தே வந்து கதவைத் தட்டக்கூடிய ஒருவருடையதாக இருக்க வேண்டும்.

மூன்றாமவர் முத்தியால்பேட்டைப் பையன், கூட ஒரு உதவியாள். இருவரும் முக்கால் மணி நேரம் வீட்டைச் சுற்றினார்கள். பின்பக்கச் சந்துக்குப் போய், கதவு நிலையைக் கட்டைவிரலால் அழுத்தினார். விரல் உள்ளே போனது. "ஐயா, கரையான் அரிச்சிருக்கு. கேமரா அப்புறம் போட்டுக்கலாம், மொதல்ல ஆசாரியக் கூப்பிடுங்க" என்றார். பிறகு முற்றத்தில் நின்று அண்ணாந்து பார்த்து, மேலே போட்ட கம்பிவலையின் போல்ட்டுகள் துருப்பிடித்திருப்பதைக் காட்டினார். விற்க வந்தவர் முதலில் சொன்னது தனக்கு ஒரு பைசா வராத வேலையை. மனசுக்குள் அப்போதே முடிவு செய்துவிட்டேன். இருந்தாலும் கேட்க வேண்டியதைக் கேட்டேன்.

பதிவுப் பெட்டி எங்கே இருக்கும்? பூட்டக்கூடிய அலமாரிக்குள், காற்று போக வழி விட்டு. எத்தனை நாள் பதிவு நிற்கும்? நான்கு கேமராவும் 1 டெராபைட் ஹார்ட் டிஸ்க்கும் என்றால், படத்தின் தரத்தைப் பொறுத்துப் பத்துப் பதினைந்து நாள்; அதற்குமேல் பழையதை அழித்துப் புதியதை எழுதும். ஒரு மாதம் பிள்ளை வீட்டில் தங்கிவிட்டு வருகிறவர்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

கரண்ட் போனால்? 2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் கரை கடந்ததை நாம் மறக்கவில்லை. விளக்கும் இல்லை, இணையமும் இல்லை. ஆகவே டிவிஆருக்கு மட்டும் அல்ல, மோடத்துக்கும் சேர்த்து யுபிஎஸ் வேண்டும். சைரனுக்குத் தனி பேட்டரி. இணையம் போனாலும் போன் செய்ய ஒரு சிம் கார்டு. அந்தச் சிம்முக்கு ரீசார்ஜ் செய்ய மறந்தால் எல்லாம் பாழ் என்று அவரே சொன்னார். காலண்டரில் குறித்து வைத்திருக்கிறேன்.

நம் ஊர் உப்புக்காற்றுக்குச் சாதாரண ஸ்க்ரூ தாங்காது. துருப்பிடிக்காத ஸ்க்ரூ, வயர் இணைப்புகள் மூடிய டப்பாவுக்குள் என்று தெவியிலேயே எழுதி வாங்கினேன். ஒரு வருட வாரண்டி முடிந்தபின் ஏ.எம்.சி. எவ்வளவு, கூப்பிட்டால் எத்தனை நாளில் வருவார் என்பதும் எழுத்தில் உண்டு.

பாஸ்வேர்டு விஷயத்தில் அலட்சியம் வேண்டாம். 2016இல் மிராய் என்ற ஒரு நிரல், கம்பெனியில் போட்டுவிட்ட பாஸ்வேர்டை யாரும் மாற்றாமல் விட்ட கேமராக்களையும் டிவிஆர்களையும் இலட்சக்கணக்கில் கைப்பற்றி, அமெரிக்காவில் பெரிய பெரிய இணையதளங்களை முடக்கியது. 2025 ஏப்ரல் முதல் இங்கே விற்பனைக்கு வரும் சிசிடிவி கேமராக்கள் இதுபோன்ற ஓட்டைகளுக்கான சோதனையில் தேற வேண்டும் என்று மத்திய அரசு விதித்திருக்கிறது. கேட்டு வாங்குங்கள். ஆனால் எந்தச் சோதனையும் நாம் எளிதான பாஸ்வேர்டு வைப்பதைத் தடுக்காது. என் முன்னாலேயே பாஸ்வேர்டை மாற்றச் சொல்லி நோட்டில் எழுதிக்கொண்டேன். சரிபார்ப்பதற்காகத் தம் செல்போனில் இணைத்திருந்த எங்கள் வீட்டை நீக்கச் சொன்னேன். அவர் கோபித்துக்கொள்ளவில்லை. கோபித்துக்கொள்கிறவரிடம் வேலை கொடுக்காதீர்கள்.

மிஞ்சியது ஹால் கேமரா. என் வீட்டுக்காரி ஒரேயடியாக மறுத்துவிட்டாள். "வெய்யில் நாள்ல நான் எப்படி வேணா விசிறிக்கடியில படுத்திருப்பேன். அதைப் பிரான்ஸ்லேர்ந்து பார்க்கணுமா?" என்றாள். மகன் கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "திருடனுக்காக இல்லம்மா. நீங்க ரெண்டு பேர்ல யாராவது விழுந்துட்டா எனக்குத் தெரியணுமே" என்றான்.

அப்போதுதான் அவன் பயம் எனக்கு விளங்கியது. அவன் எட்டு கேமரா கேட்டதும் திருடனுக்குப் பயந்து அல்ல. இரவில் தூக்கம் வராமல் இருந்தது எங்களை நினைத்துத்தான். ஆனாலும் ஹால் கேமரா அதற்கு மருந்து அல்ல. வயசானவர்கள் வழுக்கி விழுவது குளியலறையில். அங்கே கேமரா வைக்க முடியாது. மேலும், சொந்த வீட்டில் இருபத்துநாலு மணி நேரமும் யாரோ பார்க்கிறார்கள் என்ற நினைப்போடு உட்கார்ந்திருப்பது காவல் அல்ல, காவலில் இருப்பது. பெற்ற பிள்ளையே பார்த்தாலும் அப்படித்தான்.

இதைத் தயங்கித் தயங்கி அந்தப் பையனிடம் சொன்னேன். அவர் வழி வைத்திருந்தார். அவசரப் பொத்தான் இரண்டு: கட்டில் பக்கத்தில் ஒன்று, குளியலறையில் ஒன்று. குளியலறையில் தண்ணீர் புகாத ரகமாக, தரையிலிருந்து இரண்டடி உயரத்தில். விழுந்து கிடப்பவர் கை எட்ட வேண்டும் அல்லவா? அழுத்தினால் சைரன் அடிக்கும், வரிசையாக நான்கு எண்களுக்குப் போன் போகும். மகன் எண் நான்காவது. முதல் மூன்றும் எதிர்வீட்டுக்காரர், தெருமுனை மருந்துக்கடைக்காரர், லாஸ்பேட்டையில் இருக்கும் என் தங்கை மகன். மகன் ஒத்துக்கொண்டான்.

ஆகமொத்தம் வெளியே பார்க்கும் கேமரா நான்கு, முன்கதவிலும் பின்கதவிலும் திறந்தால் சொல்லும் சென்சார், ஒரு சைரன், இரண்டு பொத்தான். எதிர்வீட்டு ஜன்னல் படத்தில் விழுந்த இடத்தைக் கறுப்பாக மறைக்கச் சொல்லி, அதை அவர்களிடமே காட்டினேன். ஆசாரி கூலியும் சேர்ந்து முதலாமவர் விலையைவிடக் கொஞ்சம் கூடத்தான் ஆயிற்று.

வேலை முடிந்த ஞாயிற்றுக்கிழமை மாலை ஐந்து மணிக்கு, முன்பே சொல்லிவைத்து, சைரனை அடித்துக் காட்டினோம். "இதுதான் எங்க சத்தம். ராத்திரி கேட்டா எங்களுக்குப் போன் பண்ணுங்க. எடுக்கலைன்னா 112க்குப் பண்ணுங்க" என்று எல்லோரிடமும் கேட்டுக்கொண்டேன். மாதத்தில் இரண்டு தடவை சும்மா அடித்தாலும் ஆளைக் கூப்பிட்டுச் சரிசெய்வேன் என்றும் வாக்குக் கொடுத்தேன். சும்மா அடிக்கும் மணி, அடிக்காத மணியைவிட மோசம்.

மறுநாள் அடுத்த தெருவுக்குப் போனேன். அந்த வீட்டுக்காரரிடம், அன்று இரவு மணியை நானும் கேட்டேன், எழுந்து வரவில்லை என்று சொன்னேன். அவர் கொஞ்ச நேரம் என்னைப் பார்த்தார். "பூனைக்கு அடிச்சப்பவே நான் ரிப்பேர் பண்ணியிருக்கணும் சார்" என்றார். இப்போது அவர் எண் என்னிடம் இருக்கிறது, என் எண் அவரிடம் இருக்கிறது. அதற்குச் செலவு ஒன்றும் ஆகவில்லை.