இலக்கம் ஒரு சாட்சியே

பழம்பொருளொன்றில் ஓர் இலக்கம் காணப்பட்டால், அதன் வயதைப் பற்றிய ஆராய்ச்சி அத்துடன் முடிந்ததென்று கருதுவோர் பலர். இக்கருத்து எத்துணைப் பிழையானது என்பதைச் சேகரிப்பாளர் பெரிதும் விரும்பும் பழைய றிவோல்வர்கள் நன்கு விளக்கும்.

அமெரிக்காவின் ஹாட்போட் நகரில் இயங்கிய கோல்ற் தொழிற்சாலை, 1873ஆம் ஆண்டில் அந்நாட்டுப் படைக்கெனப் புதியதொரு றிவோல்வரைச் செய்யத் தொடங்கிற்று. ஒன்றிலிருந்து தொடங்கிய இலக்க வரிசை, 1940இல் உற்பத்தி நின்றபோது 357,000ஐக் கடந்திருந்தது. ஒவ்வோர் ஆண்டிலும் வரிசை எதுவரை சென்றது என்பதைக் காட்டும் அட்டவணைகள் உள. ஆதலின், சட்டகத்திற் பொறித்த இலக்கத்தைக் கொண்டு ஆண்டைக் கணிக்கலாம். இதன் பயன் சிறிதன்று. 1968இல் இயற்றப்பட்ட அமெரிக்கச் சட்டம், 1898ஆம் ஆண்டிலோ அதற்கு முன்னரோ செய்யப்பட்டதைப் பழம்பொருளெனக் கொள்கின்றது. உருவில் வேறுபாடில்லாத இரு றிவோல்வர்களுள் ஒன்றைப் பழம்பொருளென்றும் மற்றதை ஆயுதமென்றும் பிரிப்பது அவ்விலக்கமே.

ஆயினும், இலக்கம் தனித்து நின்று பேசுவதில்லை. சிமித்–வெசன் தொழிற்சாலை தன் பழைய மாதிரிகள் பலவற்றுக்குத் தனித்தனி வரிசை வகுத்தது. எனவே, ஒரே இலக்கம் வெவ்வேறு மாதிரிகளிற் காணப்படும். மாதிரியை அறியாதார்க்கு அது ஊமையே. உருளை பக்கவாட்டில் திறக்கும் மாதிரிகளில், உருளையைத் தாங்கும் புயத்தருகே உள்ள எண், பாகங்களைப் பொருத்துதற்கு இடப்பட்ட குறியாகும். தொடர் இலக்கம் பிடியின் அடியிலேயே இருக்கும். இவ்விரண்டையும் மயங்குவோர் பலர். தொழிற்சாலைப் பேரேடு தரும் நாளும் பெரும்பாலும் பொருள் அனுப்பப்பட்ட நாளேயன்றிச் செய்யப்பட்ட நாளன்று.

எல்லாப் பாகங்களிலும் ஒரே இலக்கம் இருந்தாலன்றிப் பொருள் மெய்யானதன்று என்னும் விதி இவற்றினும் தீங்கானது. 1895 முதல் அமெரிக்கப் படையினர் தம்மிடமிருந்த கோல்ற் றிவோல்வர்களின் ஏழரை அங்குலக் குழலை ஐந்தரை அங்குலமாகக் குறைத்துப் புதுப்பித்தனர். அப்போது பாகங்கள் ஒன்றோடொன்று கலந்தன. ஆட்டிலறி மாதிரி என வழங்கும் அவற்றில் இலக்கங்கள் ஒவ்வாதிருத்தலே இயல்பு. அவ்வொவ்வாமையே அவற்றின் வரலாறு. அதனைக் குறையென விலை குறைக்கும் சந்தை, பழைய இலக்கத்தை அராவிப் புதியது பொறிக்கும் மோசடிக்காரனுக்கே துணைபோகின்றது. அவன் அழிப்பது எண்ணை மட்டுமன்று. இருமுறை சேவைக்குச் சென்ற ஒரு பொருளின் வாழ்க்கைக் குறிப்பையே அழிக்கின்றான்.

சுவடியின் இறுதியிற் காணும் ஆண்டு, படியெடுத்த காலத்தைக் காட்டலாம். நூல் எழுந்த காலத்தை அது காட்டாது. அதனை அறிய மொழியையும் நடையையும் பிற சான்றுகளையும் நாம் ஒப்புநோக்குகின்றோம். றிவோல்வருக்கும் இதுவே முறை. சோதனையாளர் பொறித்த முதலெழுத்துகள், குழலின் நீளம், எழுத்துப் பொறிப்பின் வடிவம், உலோகத்தின் தேய்வு ஆகிய அனைத்தையும் விசாரித்த பின்னரே தீர்ப்புக் கூறல் வேண்டும். இலக்கம் முதற் சாட்சியாகலாம், நீதிபதியாதல் தகாது.