கிலோமீட்டருக்குப் பத்து பைசா: எலக்ட்ரிக் சைக்கிள் விளம்பரம் சொல்லாத மீதிக் கணக்கு



சாதாரண சைக்கிளில் ஹப் மோட்டார் கிட் மாட்டி எலக்ட்ரிக் சைக்கிளாக மாற்றும் வீடியோக்களை நீங்களும் பார்த்திருப்பீர்கள். பின்சக்கரத்தைக் கழற்றிவிட்டு, நடுவில் மோட்டார் வைத்த வேறு சக்கரத்தை மாட்டுகிறார்கள். கன்ட்ரோலர், த்ராட்டில், பேட்டரி என்று ஒயர்களை இணைக்கிறார்கள். அரை நாளில் வண்டி ரெடி. கடைசியில் ஒரு வரி வரும்: "கிலோமீட்டருக்குப் பத்து பைசாதான் செலவு!"

அந்த வரி பொய் இல்லை, ஆனால் அரைகுறைக் கணக்கு. என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். உங்களிடம் ஏற்கெனவே ஸ்கூட்டர் இருந்தால், பெட்ரோலை மிச்சம் பிடிப்பதற்காக இந்த கிட்டை வாங்காதீர்கள். ஸ்கூட்டர் இல்லை, இப்போதுதான் கடனில் ஒன்று எடுக்க ஷோரூம் பக்கம் போகப் போகிறீர்கள் என்றால், அதற்கு முன் இதை அவசியம் யோசியுங்கள்.

ஏன் என்று கணக்குப் போட்டே பார்த்துடலாம். கீழே வரும் விலைகள் எல்லாம் கணக்குக்காக நான் எடுத்துக்கொண்டவை. உங்கள் ஊர்க் கடைக்காரர் சொல்லும் விலையை அதே இடத்தில் போட்டுப் பாருங்க.

பத்து பைசா எங்கிருந்து வருது?

36 வோல்ட், 10 ஆம்பியர்-ஹவர் லித்தியம் பேட்டரி என்று வைத்துக்கொள்வோம். இரண்டையும் பெருக்கினால் 360 வாட்-ஹவர். சமதளத்தில், லேசாகப் பெடலும் போட்டுக்கொண்டு போனால் ஒரு சார்ஜுக்குச் சுமார் 28 கிலோமீட்டர் கிடைக்கும். சார்ஜரில் வீணாவதையும் சேர்த்தாலும் ஒரு முறை சார்ஜ் ஏற அரை யூனிட்டுக்கும் குறைவான கரண்ட்தான். யூனிட் 8 ரூபாய் என்றால் மூன்றரை ரூபாய். 28 ஆல் வகுத்தால் கிலோமீட்டருக்கு 12 பைசா சொச்சம். விளம்பரத்தில் வரும் பத்து பைசா இதுதான்.

இப்போ பேட்டரியைப் பார்ப்போம். விலை 14,000 ரூபாய். 500 முறை முழுதாக ஏற்றி இறக்கலாம் என்று எடுத்துக்கொள்வோம். அதற்குப் பிறகும் ஓடும், ஆனால் ஒரு சார்ஜில் போகும் தூரம் குறைந்துகொண்டே வரும். 500 தடவை, தடவைக்கு 28 கிலோமீட்டர், மொத்தம் 14,000 கிலோமீட்டர். ஆக பேட்டரித் தேய்மானம் மட்டும் கிலோமீட்டருக்கு ஒரு ரூபாய், கரண்ட் செலவைப் போல எட்டு மடங்கு!

கம்பெனிக் கணக்கில் இதைத்தான் டெப்ரிசியேஷன் என்று எழுதுவோம். சம்பளக்காரருக்கு இதற்கு வரிச் சலுகை எதுவும் கிடையாது. ஆனால் வருமான வரிப் படிவத்தில் கேட்கவில்லை என்பதற்காகப் பேட்டரி தேயாமல் இருக்காது.

ஏற்கெனவே ஸ்கூட்டர் இருந்தால்

மடிப்பாக்கத்தில் அறை, தரமணியில் ஆபீஸ், போக வர 12 கிலோமீட்டர் என்று ஓர் உதாரணம் எடுப்போம். மாதம் 25 நாள் என்றால் 300 கிலோமீட்டர். 4 வருஷத்தில் 14,400.

மோட்டார், கன்ட்ரோலர், மற்ற சாமான்கள், மாட்டும் கூலி எல்லாம் சேர்த்து 11,000 ரூபாய். பேட்டரியோடு மொத்தம் 25,000. இதை 14,400 ஆல் வகுத்தால் கிலோமீட்டருக்கு 1.74 ரூபாய். கரண்டைச் சேர்த்தால் 1.86. டயர், பிரேக் கட்டை, செயின் என்று வருஷம் 1,200 ரூபாய் வைத்தால் இன்னும் 33 பைசா. மொத்தம் கிலோமீட்டருக்கு 2.20 ரூபாய் பக்கம் வந்துவிடுகிறது.

லிட்டருக்கு 45 கிலோமீட்டர் கொடுக்கும் ஸ்கூட்டரில், பெட்ரோல் 100 ரூபாய் என்றால், கிலோமீட்டருக்கு எவ்வளவு? 2.22 ரூபாய்!

ஸ்கூட்டர் சர்வீஸில் கொஞ்சம் குறையலாம். ஆனால் வண்டி வீட்டில் இருக்கும்வரை இன்சூரன்ஸ் கட்டியே ஆக வேண்டும். ஆகப் பெரிதாக எதுவும் மிஞ்சாது. இதுவும் தினமும் ஓட்டுபவருக்குத்தான். ஒர்க் ஃப்ரம் ஹோம் போக மாதம் 100 கிலோமீட்டர்தான் ஓட்டுவீர்கள் என்றால், 4 வருஷத்தில் 4,800 கிலோமீட்டர். பேட்டரி சும்மா இருந்தாலும் வயசாகும். அதே 25,000 ரூபாயை 4,800 ஆல் வகுத்தால் கிலோமீட்டருக்கு 5 ரூபாய்க்கு மேல். குறைவாக ஓட்டுகிறவருக்கு இது பெட்ரோலைவிடக் காஸ்ட்லி.

ஸ்கூட்டர் இல்லை என்றால்

இங்கேதான் கதை மாறுகிறது. ஸ்கூட்டரின் ஆன்ரோடு விலை 1,05,000. 20,000 கையிலிருந்து கட்டி, 85,000 கடன். 11 சதவீத வட்டி, 36 மாதம் என்றால் இ.எம்.ஐ. சுமார் 2,780. மொத்த வட்டி 15,000. நான்கு வருஷப் பெட்ரோல் 32,000, சர்வீஸ் 12,000. எல்லாம் கூட்டினால் 1,64,000. நான்கு வருஷம் கழித்து 50,000க்கு விற்றாலும், நிகரச் செலவு 1,14,000.

சைக்கிளுக்கு? கிட் 25,000, கரண்டும் பராமரிப்பும் 7,000, மொத்தம் 32,000. பழைய விலை ஒன்றும் தேறாது என்றே வைத்துக்கொள்ளுங்கள். மழை நாளுக்கும், இரண்டு பேராகப் போகும் நாளுக்கும் ஆட்டோ, பஸ் என்று மாதம் 500 ரூபாய் சேருங்கள். அது 24,000. மொத்தம் 56,000. அப்படியும் 58,000 ரூபாய் மிச்சம்.

அதைவிட முக்கியமான ஒன்று இருக்கிறது. ஸ்கூட்டருக்குக் கட்டும் டவுன் பேமென்டும் கிட்டின் விலையும் கிட்டத்தட்ட ஒன்றுதான். அதற்குப் பிறகு ஒருவருக்கு மூன்று வருஷம் இ.எம்.ஐ. போகிறது, இன்னொருவருக்குப் போகவில்லை. அந்த 2,780ஐ மாதாமாதம் ஆர்.டி.யில் போட்டால் 36 மாதத்தில் அசலே ஒரு லட்சம். அப்போது ஸ்கூட்டர் வேண்டும் என்று தோன்றினால் கடனே இல்லாமல் எடுக்கலாம். முதல் வேலை, முதல் சம்பளம், இன்னும் அவசரகால நிதிகூடச் சேரவில்லை என்ற நிலையில் இருப்பவருக்கு இது சின்ன விஷயம் இல்லை. இந்த கிட்டின் உண்மையான லாபம், ஒரு கடனைத் தள்ளிப்போட முடிவதுதான்.

காசைவிடப் பெரிய ரிஸ்க்

சட்டத்தை மட்டும் தயவுசெய்து விட்டுவிடாதீர்கள். மத்திய மோட்டார் வாகன விதிகளில் 2(யு) என்ற பிரிவு இருக்கிறது. மோட்டாரின் 30 நிமிடத் திறன் 0.25 கிலோவாட்டுக்குக் குறைவாகவும், வேகம் மணிக்கு 25 கிலோமீட்டருக்குள்ளும் இருக்க வேண்டும். இதையும் எடை, பிரேக் போன்ற மற்ற நிபந்தனைகளையும், விதி 126 சொல்லும் சோதனை அமைப்பு ஒன்று சரிபார்த்திருக்க வேண்டும். புனேயில் உள்ள ஏ.ஆர்.ஏ.ஐ. அப்படி ஓர் அமைப்பு. அப்போதுதான் அது மோட்டார் வாகனம் இல்லை. லைசென்ஸ், நம்பர் பிளேட் தேவையில்லை.

கடையில் 350 வாட், 500 வாட் கிட்டும் வைத்திருப்பார்கள். "சும்மா பறக்கும் சார், சைக்கிள்தானே, யாரும் கேட்க மாட்டாங்க" என்பார்கள். போலீஸ் கேட்காமல் இருக்கலாம். ஆனால் ஒருவர் மேல் மோதி அவருக்குக் கால் உடைந்தால், நீங்கள் ஓட்டியது பதிவு இல்லாத, இன்சூரன்ஸ் இல்லாத மோட்டார் வாகனம். நஷ்டஈட்டைக் கொடுக்க உங்களுக்குப் பின்னால் எந்த இன்சூரன்ஸ் கம்பெனியும் நிற்காது. உங்கள் சம்பளம்தான் நிற்கும். 58,000 மிச்சம் பிடிக்கப் போய் லட்சக்கணக்கில் மாட்டிக்கொள்ள வேண்டுமா?

வாங்குவதாக இருந்தால் நான்கு விஷயம்:

1. 250 வாட்டுக்கு மேல் போகாதீர்கள். சோதனைச் சான்றிதழின் நகலைக் கேளுங்கள். "அதெல்லாம் இருக்கு சார்" என்று வாயால் மட்டும் சொன்னால் வேறு கடை பாருங்கள்.

2. பேட்டரியில் விலை குறைக்காதீர்கள். பி.எம்.எஸ். எனும் பாதுகாப்புச் சர்க்யூட் இருக்கிறதா, வாரன்டி எத்தனை மாதம், ஜி.எஸ்.டி. பில் உண்டா என்று பாருங்கள். தனியாக வாங்கும் லித்தியம் பேட்டரிக்கு 18 சதவீத ஜி.எஸ்.டி., முழு எலக்ட்ரிக் சைக்கிளாக வாங்கினால் 5 சதவீதம். அதனால் ரெடிமேட் விலையையும் ஒரு முறை ஒப்பிட்டுவிடுங்கள். உங்களிடம் நல்ல சைக்கிள் இல்லை என்றால் அதுவே லாபமாக இருக்கலாம்.

3. துருப்பிடித்த பழைய சைக்கிளில் மாட்டாதீர்கள். 25 கிலோமீட்டர் வேகத்தில் உங்களை நிறுத்தப்போவது பிரேக்தான். முதல் 1,500 ரூபாயை அதற்குச் செலவு செய்யுங்கள். ஹெல்மெட் போடுங்கள். தனிநபர் விபத்துக் காப்பீடும் எடுத்துவிடுங்கள்.

4. மாட்டிய மாதத்திலிருந்தே மாதம் 300 ரூபாய் தனியாக ஒதுக்குங்கள். 48 மாதத்தில் 14,400, அதாவது அடுத்த பேட்டரி. இதைச் செய்யாதவர்தான் நான்காவது வருஷம் பேட்டரி போனதும் சைக்கிளை மொட்டைமாடியில் ஏற்றிவிட்டு, இ.எம்.ஐ.யில் ஸ்கூட்டர் எடுப்பார். அப்படி எடுத்தால் இரண்டு செலவும் சேர்ந்துகொள்ளும்.

தினமும் 10, 15 கிலோமீட்டர், சமதளம், ஒரே ஆள், கையில் வேறு வண்டி இல்லை. இந்த நான்கும் உங்களுக்குப் பொருந்தினால் தாராளமாக மாட்டுங்கள். ஒன்று இடித்தாலும் இந்தக் கணக்கை உங்கள் எண்களோடு இன்னொரு முறை போட்டுவிட்டுக் கடைக்குப் போங்க. வண்டி வாங்கும் அவசரம் கடைக்காரருக்கு இருக்கலாம், நமக்கு வேண்டாம்.