டீசருக்குப் பிறகு படம் வருவதில்லை



ஒன்றரை நிமிடம் ஓடும் ஒரு மாணவர் டீசருக்காக ஒரு கட்டுரை எழுத வேண்டுமா என்று எங்களுக்குள்ளேயே கேள்வி வந்தது. எழுதியே ஆக வேண்டும் என்று எங்களை முடிவெடுக்க வைத்தது ஒரு தம்பியின் முகம்.

வியாசர்பாடியில் நாங்கள் நடத்தும் மாலைப் படிப்பகத்துக்குச் சில மாதங்களுக்கு முன் சினிமா படிக்கும் மாணவர்கள் ஐந்து பேர் வந்தார்கள். "நகர வாழ்க்கையைப் பத்தி ஒரு படம் பண்றோம் அண்ணா. இப்போதைக்கு டீசர் மட்டும். அதைக் காட்டித்தான் தயாரிப்பாளரைப் பிடிக்கணும். ஏரியா பசங்க நாலு பேர் வேணும்" என்றார்கள். பேச்சில் மரியாதை இருந்தது. ஒருவரின் டி-சர்ட்டில் அம்பேத்கரும் இருந்தார். நம்பினோம்.

எங்கள் தம்பிகள் நான்கு பேர் போனார்கள். ஒருவன் பி.காம். கடைசி ஆண்டு. இன்னொருவன் காவலர் தேர்வுக்குப் படித்துக்கொண்டிருப்பவன், தினமும் விடியற்காலையில் எழுந்து ஓட்டப் பயிற்சி எடுப்பவன். சினிமாவில் வரப்போகிறோம் என்று சட்டையை இஸ்திரி போட்டுப் போட்டுக்கொண்டு போனார்கள். அங்கே முதல் வேலையாக அந்தச் சட்டையைக் கழற்றச் சொன்னார்கள். "இன்னும் கொஞ்சம் ரஃப்பா வேணும்" என்று கைலி கொடுத்தார்கள். அட்டையில் வெட்டி வெள்ளிப் பூச்சு அடித்த கத்தியைக் கையில் கொடுத்தார்கள். சம்பளம் ஒரு பொட்டலம் பிரியாணி.

பத்து நாளில் டீசர் வந்தது. ட்ரோன் மேலேயிருந்து நம் தகரக் கூரைகளைப் பார்க்கிறது. கால்வாய். ஓடும் குழந்தைகள். கறுப்புத் திரை. 'டம்' என்று ஒரு அடி. கத்தி. மறுபடி கறுப்புத் திரை. கடைசியில் காவலர் தேர்வுக்குப் படிக்கும் தம்பியின் முகம், கன்னத்தோடு ஒட்டிய கத்தி, படத்தின் பெயர். முடிந்தது. ஒன்றரை நிமிடத்தில் நம் ஆட்கள் யாரும் ஒரு வார்த்தை பேசவில்லை.

தம்பி போன் செய்து அந்த ஷாட்டை எடுத்துவிடச் சொன்னான். "அதுதான் லாஸ்ட் ஷாட் ப்ரோ, அதைத் தூக்கினா டீசரே இல்லை" என்று பதில் வந்தது. நாங்கள் மூன்று முறை பேசி, நேரில் போய் உட்கார்ந்த பிறகு இறக்கினார்கள். அதற்குள் அந்தக் கடைசி ஐந்து நொடியை யாரோ வெட்டி, 'வடசென்னை கேங்' என்று எழுதி வாட்ஸ்அப்பில் விட்டுவிட்டார்கள். இன்றும் சுற்றிக்கொண்டிருக்கிறது.

"நடிப்புதானே, இதில் என்ன இருக்கிறது?" என்று கேட்பவர்களுக்குச் சொல்கிறோம். காவலர் தேர்வில் எழுத்தும் ஓட்டமும் முடிந்த பிறகு நன்னடத்தை விசாரணை வரும். தெருவில் வந்து விசாரிப்பார்கள். அட்டைக் கத்தி செல்போன் திரையில் அட்டையாகத் தெரியாது. இரவு வாகனச் சோதனையில் நம் பிள்ளைகளை மட்டும் தனியாக நிறுத்தி, பெயரும் ஏரியாவும் கேட்டு, முகத்தைப் போட்டோ எடுக்கும் ஊர் இது. பெசன்ட் நகர் பையன் குறும்படத்தில் கத்தி பிடித்தால் அவனுக்கு நடிப்புத் திறமை என்று பெயர். வியாசர்பாடி பையன் பிடித்தால் அது சாட்சியம்.

அந்த மாணவர்கள் எங்களிடம் சொன்ன சமாதானம் இதுதான்: "முழுப் படத்துல அவன் ஏன் அப்படி ஆனான்னு காட்டுவோம் அண்ணா." எந்த முழுப் படம்? மாணவர் டீசர்களில் எத்தனைக்குப் பின்னால் படம் வந்திருக்கிறது என்று உங்கள் நண்பர்களையே கேட்டுப் பாருங்கள். தயாரிப்பாளர் கிடைக்க மாட்டார், குழு பிரியும், படிப்பு முடியும். யூட்யூபில் மிஞ்சுவது டீசர் மட்டும். ஆகவே மாணவர் எடுக்கும் டீசர்தான் படம். அதில் இல்லாத நியாயம் எங்கேயும் இல்லை. 'பிறகு விளக்குவோம்' என்பது, வராத படத்தின் பெயரில் இன்றைக்கு எடுக்கும் கடன். அதை அடைக்க வேண்டியவன் நம் தம்பி.

இரண்டாவது சமாதானம் 'யதார்த்தம்'. எங்கள் தெருக்களில் சண்டையே இல்லை, எல்லோரும் புத்தர்கள் என்று நாங்கள் சொல்லவில்லை. 'நல்ல பையன்களை மட்டும் காட்டு' என்றும் கேட்கவில்லை. 2014இல் வந்த பா.ரஞ்சித்தின் 'மெட்ராஸ்' படத்திலும் வெட்டும் குத்தும் உண்டு. ஆனால் அங்கே ஒரு சுவர் இருக்கிறது, அந்தச் சுவருக்காக இரண்டு அரசியல் தரப்புகள் நம் பிள்ளைகளைப் பலி கொடுப்பது தெரிகிறது. நாயகன் ஐ.டி. வேலைக்குப் போகிறான், அவன் தெருவில் கால்பந்து ஆடுகிறார்கள், வீட்டில் கல்யாணப் பேச்சு நடக்கிறது. வன்முறைக்கு அங்கே காரணம் இருக்கிறது. நீங்கள் எடுக்கும் டீசரில் காரணம் எங்கே? காரணத்தை வெட்டிவிட்டுக் கத்தியை மட்டும் வைத்தால், கத்தி எங்கள் ரத்தத்திலேயே இருக்கிறது என்றுதான் பார்ப்பவன் புரிந்துகொள்வான். சாதியும் அதைத்தானே சொல்கிறது?

நகரத்தின் நாடகம் வேண்டுமா? சென்னையில் அதற்குப் பஞ்சமே இல்லை. 2022 மே மாதம் ஆர்.ஏ.புரம் கோவிந்தசாமி நகரில் வீடுகளை இடிக்க வந்தபோது ஒரு பெரியவர் தன் உடம்பில் தீ வைத்துக்கொண்டு உயிரை விட்டார். ஆற்றோரத்திலும் கால்வாயோரத்திலும் தலைமுறையாக வாழ்ந்த மக்கள் கண்ணகி நகருக்கும் பெரும்பாக்கத்துக்கும் லாரியில் ஏற்றி அனுப்பப்பட்டார்கள். மனிதக் கழிவை மனிதன் அள்ளுவதைத் தடை செய்யும் சட்டம் 2013இல் வந்தது. சாக்கடைக் குழியில் இறப்பவரின் குடும்பத்துக்குத் தரவேண்டிய இழப்பீட்டை 2023இல் உச்ச நீதிமன்றம் 30 லட்சம் ரூபாயாக உயர்த்தியது. குழிக்குள் ஆள் இறங்குவது மட்டும் நிற்கவில்லை.

ஒன்றரை நிமிடத்துக்கு இது பெரிது என்றால் சின்னதாக ஒன்று சொல்கிறோம். ஒரு பெண் வேலைக்கு விண்ணப்பம் நிரப்புகிறாள். பெயர், படிப்பு, மதிப்பெண் எல்லாம் எழுதுகிறாள். 'முகவரி' என்ற இடத்தில் பேனா நிற்கிறது. 'கண்ணகி நகர்' என்று எழுதினால் வேலை கிடைக்காது என்று அவளுக்குத் தெரியும். எழுதுவாளா? அங்கே கட் செய்யுங்கள். ட்ரோன் வேண்டாம், கத்தி வேண்டாம், செலவு ஒரு பேனா. அடுத்து என்ன என்று பார்ப்பவன் கேட்க மாட்டானா? டீசரின் வேலை அதுதானே?

நம் தெருவுக்குக் கேமராவோடு வருகிற மாணவர்களுக்கு இனி எங்கள் படிப்பகம் வைக்கும் நிபந்தனைகள் இவை. மற்ற பகுதித் தோழர்களும் எடுத்துக்கொள்ளலாம்.

கதையை முன்கூட்டியே, நடிப்பவருக்கு முழுதாகச் சொல்ல வேண்டும். தலைக்கு இவ்வளவு என்று சம்பளம் பேச வேண்டும், பிரியாணி தனி. பெயர்ப் பட்டியலில் 'ஏரியா பசங்க' என்று போடக்கூடாது, ஒவ்வொருவர் பெயரும் வர வேண்டும். வெளியிடும் முன் நடித்தவர் பார்க்க வேண்டும், அவர் வேண்டாம் என்று சொல்லும் ஷாட் போக வேண்டும். இவை எழுத்தில் இருக்க வேண்டும்.

'இது கலைச் சுதந்திரத்தில் தலையிடுவது' என்று முகம் சுளிப்பவர்களுக்கு ஒன்றை நினைவுபடுத்துகிறோம். 2018இல் 'வட சென்னை' வெளியானபோது மீனவ மக்கள் சில காட்சிகளை எதிர்த்தார்கள். இயக்குநர் வெற்றிமாறன் வருத்தம் தெரிவித்தார், காட்சியை நீக்குவதாகச் சொன்னார். தியேட்டரில் ஓடிக்கொண்டிருந்த படத்துக்கே அது முடியுமென்றால், லேப்டாப்பில் கிடக்கும் ஐந்து நொடியை எடுக்க உங்களுக்கு என்ன கஷ்டம்?

கடைசியாக நம் பிள்ளைகளுக்கு. இரட்டைமலை சீனிவாசன் 1893இல் 'பறையன்' இதழைத் தொடங்கினார். 1907இல் அயோத்திதாசர் இதே சென்னையில், ராயப்பேட்டையிலிருந்து 'ஒரு பைசாத் தமிழன்' கொண்டுவந்தார். தங்களைப் பற்றி மற்றவர்கள் எழுதியதைத் திருத்தித் தரச் சொல்லி அவர்கள் காத்திருக்கவில்லை. அச்சு இயந்திரத்தைத் தங்கள் பக்கம் திருப்பினார்கள். இன்றைக்கு அந்த இயந்திரம் உங்கள் சட்டைப் பையில் செல்போனாகக் கிடக்கிறது.

அந்தத் தம்பி இப்போதும் காலையில் ஓடுகிறான். விசாரணை வந்தால் என்ன சொல்வது என்று எங்களிடம் கேட்கிறான். நடந்ததை எழுதி, டீசர் எடுத்த மாணவர்களிடமே கையெழுத்து வாங்கி வைத்திருக்கிறோம். அது செல்லுமா என்று போகப் போகத்தான் தெரியும். இதற்கிடையில் பி.காம். தம்பி ஒரு டீசருக்குக் கதை எழுதியிருக்கிறான். அதில் நாயகன் காவலர் தேர்வுக்கு ஓடுகிறான். இஸ்திரி போட்ட சட்டை போட்டிருக்கிறான். முதல் ஷாட்டிலேயே பேசுகிறான்.

கேமரா இருக்கிறது. எடிட் தெரிந்த தோழர்கள் வாருங்கள்.

ஜெய்பீம்.